ஹாலிடே மெம்பர்ஷிப்பை (ரிசார்ட்டில் வருஷா வருஷம் தங்க முன்கூட்டியே பணம் கட்டிச் சேருகிற திட்டம்) விற்றுத் தருகிறோம் என்று யாருக்கெல்லாம் போன் வந்தது?

காவேரிப்பட்டினம்:
மாங்காய் மண்டியில் லோடு இறக்கிக்கொண்டிருந்த நேரம் போன். "சார், உங்க ஹாலிடே மெம்பர்ஷிப்பை மூணரை லட்சத்துக்கு வாங்க மும்பையில பார்ட்டி ரெடி. ஜிஎஸ்டி 18 சதவீதம் மட்டும் இன்னிக்கே கட்டிடுங்க, விற்ற பணத்தோட திரும்ப வந்துடும்." என் மெம்பர்ஷிப் நம்பர், பராமரிப்புக் கட்டணத்தில் உள்ள பாக்கி எல்லாவற்றையும் அந்தப் பெண் பைசா சுத்தமாகச் சொன்னார். "விற்கிற பணத்துலயே வரியைக் கழிச்சுக்கோங்கம்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் ஓர் ஆண் குரல்: "ஆர்பிஐ ரூல் ஒத்துக்காது சார்." வைத்துவிட்டேன். என் பாக்கிக் கணக்கு இவர்கள் கைக்கு எப்படிப் போனது? அதுதான் இன்னும் உறுத்துகிறது. பாக்கியை நான் கட்டப் போவதில்லை, தானாகக் காலாவதி ஆகட்டும்.

ஓசூர்:
என் மச்சான் பெட்ரோல் பங்க்கில் கூப்பன் எழுதிப் போட்டு, பரிசு என்று கூப்பிட்ட ஹோட்டல் ஹாலில் மெம்பர்ஷிப்புக்குக் கையெழுத்தும் போட்டுவிட்டார். ஒவ்வொரு கையெழுத்துக்கும் மணி அடித்துக் கைதட்டினார்களாம். ஒப்பந்தத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் 10 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று இருந்தது. போன் செய்தால் "மேனேஜர் டூர்ல இருக்கார், வந்ததும் பேசலாம்" என்றே நாளை ஓட்டினார்கள். மெயில் ஒன்று, ஸ்பீட் போஸ்ட் ஒன்று அனுப்பினோம். ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகுதான் மேனேஜர் லைனுக்கே வந்தார். பணம் வந்துவிட்டது.

தருமபுரி:
காவேரிப்பட்டினம் அண்ணா, சும்மா விட்டால் காலாவதி ஆகாதுங்க. பல ஒப்பந்தங்களில் பாக்கிக்கு வட்டி ஏறும், ரூமும் தர மாட்டார்கள். இஎம்ஐ ஓடுகிறவர்கள் திடீரென நிறுத்தினால் சிபில் (கடன் மதிப்பெண்) அடிபடும். எனக்கும் அதே மாதிரி அழைப்பு வந்தது, அதை விடுங்கள். முதலில் ரத்து கேட்டுக் கம்பெனிக்கே எழுத்தில் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் 1915-க்குப் பேசுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. ஆனால் பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். விற்றுத் தருகிறேன் என்பவனிடம் மட்டும் ஒரு ரூபாய்கூட முன்பணம் தராதீர்கள்.

அரூர்:
ஓசூர்க்காரருக்குப் பணம் வந்ததில் சந்தோஷம். அப்பாவுக்கு வந்தது இதைவிட மோசம். "விற்றுத் தருகிறோம்" கும்பலிடம் அவர் பணம் கட்டி ஏமாந்த கொஞ்ச நாளில் இன்னொருவன் பேசினான். கன்ஸ்யூமர் கோர்ட் ஆபீசராம், போன பணத்தை மீட்டுத் தருவானாம், பைல் சார்ஜ் மட்டும் போதுமாம். வாட்ஸ்அப்பில் சிங்க முத்திரை போட்ட கடிதம். அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அதைப் படித்தார். "கவர்மென்ட் சீல் இருக்கேப்பா" என்று என்னிடம் கெஞ்சுகிற மாதிரி சொன்னார். நான் வெளியே போன நேரத்தில் கட்டிவிட்டார். அன்றைக்கே 1930-க்கு (சைபர் மோசடி உதவி எண்) சொன்னதால் அதில் ஒரு பகுதியை முடக்கியிருக்கிறார்கள். அதை எடுக்க கோர்ட் உத்தரவு வேண்டுமாம். நம்ம மாவட்டத்தில் யாராவது அப்படி வாங்கியிருந்தால் எங்கே மனு கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.