காபியில் திரிந்த சோயா பால்: குற்றவாளி யார்?

நுரைதேடி:
மூன்று மாதமாகப் பசும்பாலை நிறுத்தியிருக்கிறேன். குடித்த அரை மணி நேரத்தில் வயிறு பொருமி, மதியம் வரை கடமுடா. பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சரி, தாவரப் பாலுக்கு மாறலாம் என்று முதலில் சோயா பால் வாங்கினேன். கொதிக்கக் கொதிக்கக் கறுப்புக் காபி. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாலை அப்படியே மேலே ஊற்றினேன். இரண்டே நொடி. மேலே வெள்ளைத் துணுக்குகள், அடியில் பழுப்புத் தண்ணீர். பால் கெட்டுவிட்டதோ என்று புதுப் பெட்டியைப் பிரித்தேன். அதுவும் அதே கதை.

அடுத்து பாதாம் பால். திரியவில்லை, ஆனால் காபி குடித்த கோப்பையை அலம்பிக் குடித்த மாதிரி இருந்தது. ஓட்ஸ் பால் பரவாயில்லை, ஆனால் சர்க்கரை போடாமலே இனிக்கிறது. காபி, டீ, சூப், தயிர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பால் சொல்லுங்கள். வீட்டில் மூன்று பெட்டி திறந்தபடி கிடக்கிறது.

பால்கணக்கு:
நண்பரே, அந்தப் பாதாம் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தீர்களா? கடையில் விற்கும் பலவற்றில் பாதாம் 2, 3 சதவீதம்தான். மீதியெல்லாம் தண்ணீர், கொஞ்சம் உப்பு, கெட்டியாகக் காட்ட ஏதோ ஒரு பசை. 240 மி.லி. பசும்பாலில் புரதம் சுமார் 8 கிராம். அதே அளவு பாதாம் பாலில் 1 கிராம் இருந்தாலே பெரிது.

லாக்டோஸ்தான் தொல்லை என்றால் லாக்டோஸ் நீக்கிய பசும்பால் இருக்கிறதே! லாக்டேஸ் நொதியைச் சேர்த்து அந்தச் சர்க்கரையை முன்கூட்டியே உடைத்துவிடுகிறார்கள். கொஞ்சம் கூடுதலாக இனிக்கும், அவ்வளவுதான். புரதமும் கால்சியமும் அப்படியே இருக்கும், காபியிலும் திரியாது. நீங்கள் செய்வது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

சோயாப்பிரியை:
பாதாமைக் காட்டி எல்லாத் தாவரப் பாலுக்கும் தீர்ப்பு எழுதிவிட்டீர்களே சார். சோயா பாலில் ஒரு கோப்பைக்குப் புரதம் 7 கிராம் வரை உண்டு. பசும்பாலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஓட்ஸ் 2, 3 கிராம். அரிசிப் பால் பாதாமைவிட மோசம், ஒப்புக்கொள்கிறேன். "தாவரப் பால்" என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் தப்பு.

நுரைதேடி, உங்கள் பால் கெடவில்லை. காபி புளிப்பான பானம், புளிப்பைக் காட்டும் அதன் பி.எச். அளவு சுமார் 5 (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). சோயா புரதம் 4.5-ஐ நெருங்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். சூடு சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். பெட்டியில் கால்சியம் சேர்த்திருந்தால் அதுவும் கட்டிதட்ட உதவும். நீங்கள் மூன்றையும் ஒரே நேரத்தில் செய்திருக்கிறீர்கள்: கொதிக்கிற காபி, சில்லென்ற பால், அதுவும் மேலிருந்து.

மாற்றிச் செய்து பாருங்கள். காபியை இரண்டு மூன்று நிமிடம் ஆறவிடுங்கள். பாலைத் தனியாக, கை பொறுக்கும் அளவைவிடச் சற்றே கூடுதலாகச் சூடாக்குங்கள். 55, 60 டிகிரி போதும். கோப்பையில் முதலில் பால், அதன் மேல் காபியைக் கொஞ்சம் கொஞ்சமாக. நன்றாகக் கறுக வறுத்த கொட்டையில் புளிப்பு குறைவு, அது இன்னும் நல்லது. அவ்வளவும் முடியாது என்றால் காபிக்கென்றே செய்த, "பாரிஸ்டா" என்று எழுதிய பெட்டியை வாங்குங்கள். புளிப்பைத் தாங்குவதற்குப் பொட்டாசியம் பாஸ்பேட் உப்பும், நுரை நிற்பதற்குக் கூடுதல் எண்ணெயும் அதில் இருக்கும்.

பால்கணக்கு:
"பாஸ்பேட் உப்பும் கூடுதல் எண்ணெயும்." நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒரு வாய் காபிக்கு வெப்பமானி, வறுப்பு ஆராய்ச்சி, உப்பு, எண்ணெய். இத்தனை முட்டுக் கொடுத்தால்தான் பால் மாதிரி நிற்கும் என்றால் அதற்குப் பால் என்று பெயர் எதற்கு? ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது: சோயா பானத்தைப் "பால்" என்று விற்கக் கூடாது.

கள்ளிச்செடி:
சண்டையில் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அதே ஐரோப்பிய விதியில் தேங்காய்ப் பாலுக்கு விலக்கு உண்டு, அதை விட்டுவிட்டீர்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023-ல் வெளியிட்ட வரைவில் "சோயா பால்" என்ற பெயருக்குத் தடை சொல்லவில்லை. சத்து வித்தியாசத்தை லேபிளில் குறிப்பிட்டால் நல்லது என்றது.

ஆனால் தமிழில் எழுதிக்கொண்டு ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு ஏன் ஓட வேண்டும்? கள்ளியைக் கிள்ளினால் வடிவது கள்ளிப்பால். எருக்கில் எருக்கம்பால். ரப்பர் மரத்தில் வெட்டினால் ரப்பர் பால். கதிர் முற்றுவதற்கு முன் பால் பிடிக்கிறது. இதற்கெல்லாம் எந்த மாடும் ஆட்சேபம் தெரிவித்ததாகத் தெரியவில்லை. நம் மொழியில் பால் என்றால் முதலில் வெள்ளையாக வடிவது. யார் மடியிலிருந்து என்பது அப்புறம்.

பால்கணக்கு:
கள்ளிப்பாலை யாரும் காபியில் ஊற்றுவதில்லை.

கள்ளிச்செடி:
நல்லவேளை.

அடுப்படி:
பெயர்ச் சண்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நுரைதேடி தம்பி சூப்பும் தயிரும் கேட்டிருந்தார், அதற்கு யாருமே பதில் சொல்லவில்லை.

சூப்புக்குத் தேங்காய்ப் பால் அருமை, ஆனால் அதைக் கடைசியில் ஊற்ற வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் எண்ணெய் தனியாக, தண்ணீர் தனியாகப் பிரிந்துவிடும். ஊற்றி, ஒரு கொதி வருவதற்கு முன் இறக்கிவிடுங்கள். கொழுப்பும் அதில் அதிகம், பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. தினமும் கோப்பை கோப்பையாகக் குடிக்கிற சமாச்சாரம் அல்ல. தேங்காய் வாசனை வேண்டாம் என்றால் ஓட்ஸ் பால். அதுவும் சூப்புக்குக் கொஞ்சம் வழவழப்பு தரும்.

ஒரு எச்சரிக்கை. உருளைக்கிழங்கு சூப்பில் நான் ஒருமுறை வெனிலா மணமுள்ள சோயா பாலை ஊற்றிவிட்டேன். பெட்டியில் "வெனிலா" என்ற எழுத்து எறும்பு அளவுக்கு இருந்தது. மிளகு, பூண்டு, நடுவில் ஐஸ்கிரீம் வாசனை. பானையோடு கொட்டினேன். சமையலுக்கு வாங்கும்போது "இனிப்பு சேர்க்காதது", "மணம் சேர்க்காதது" இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

ஓட்ஸ் பாலை வீட்டில் செய்ய நினைத்தால் அது கொழகொழவென்று ஆவதற்கு நாமேதான் காரணம். ஒரு பங்கு ஓட்ஸ், நான்கு பங்கு சில்லென்ற தண்ணீர். மிக்ஸியில் முப்பது நொடி, அதற்கு மேல் ஒரு சுற்றும் வேண்டாம். துணியில் வடிகட்டும்போது பிழியக் கூடாது. கை சும்மா இருக்காது, கடைசியில் ஒரு முறுக்கு முறுக்கத் தோன்றும். அந்த ஒரு முறுக்கில் மாவு, பசை எல்லாம் இறங்கிவிடும். ஊறவைப்பதும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்த பாலையும் அடுப்பில் வைத்தால் கஞ்சியாகிவிடும், ஏனென்றால் மாவுச்சத்து அதில் அப்படியே இருக்கிறது. கடைப் பாலில் நொதி சேர்த்து அதை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைத்துவிடுகிறார்கள். சூட்டில் கெட்டிப்படாததற்கும், உங்கள் காபி சர்க்கரை இல்லாமல் இனித்ததற்கும் காரணம் ஒன்றுதான். வீட்டுப் பால் குளிர்ந்த பானத்துக்கும் பழக்கூழுக்கும் சரி. காபிக்குக் கடைப் பால்தான்.

சோயாவை வீட்டில் அரைத்தால் பச்சையாகக் குடிக்கவே கூடாது, நன்றாகக் கொதிக்க வேண்டும். நுரை பொங்கியதும் கொதித்துவிட்டது என்று இறக்கிவிடாதீர்கள். அது பொய்க் கொதி; தீயைக் குறைத்து இன்னும் கால் மணி நேரமாவது வையுங்கள்.

நுரைதேடி:
அக்கா, தயிர்?

அடுப்படி:
அட, மறந்தே போனேன். தயிருக்குச் சோயாதான். இங்குதான் வேடிக்கை. காபியில் உங்களைக் கவிழ்த்த அதே குணம்தான் தயிரில் கைகொடுக்கிறது. புளிப்பு ஏற ஏறப் புரதம் ஒட்டிக்கொள்கிறது. சூட்டில் சடாரென்று நடந்தால் திரிதல், கதகதப்பில் மெதுவாக நடந்தால் உறைதல். சோயாவும் தண்ணீரும் மட்டுமே உள்ள பாலாகப் பாருங்கள். கை பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றி, ஏழெட்டு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் கரண்டியில் வெட்டி எடுக்கலாம். பாதாமும் ஓட்ஸும் புளிக்கும், ஆனால் கெட்டியாக உறையாது. அதனால்தான் அந்தத் தயிர் டப்பாக்களில் ஸ்டார்ச்சோ பசையோ சேர்க்கிறார்கள். காபியில் திரியாத பாலே தயிராக உறையவும் வேண்டும் என்று கேட்டால் ஒரே பெட்டியில் கிடைக்காது தம்பி.

பால்கணக்கு:
லாக்டோஸ் நீக்கிய பசும்பால் இரண்டையும் செய்யும் என்று மூலையிலிருந்து ஒரு குரல்.

சோயாப்பிரியை:
செய்யும், மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் வயிற்றுக்காக மட்டும் மாறுவதில்லை. 2018-ல் 'சயின்ஸ்' இதழில் பூர், நெமெசெக் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் பசும்பாலுக்கு உலகச் சராசரியாகக் கரியமில வாயு 3.2 கிலோவுக்கு நிகரான வெளியேற்றம், தண்ணீர் 628 லிட்டர். ஓட்ஸ் 0.9 கிலோ, 48 லிட்டர். சோயா 1 கிலோ, 28 லிட்டர்.

பால்கணக்கு:
அதே அட்டவணையில் பாதாமின் தண்ணீர் 371 லிட்டர் என்று இருக்குமே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? உலகப் பாதாமில் ஐந்தில் நான்கு பங்கு கலிபோர்னியாவில் விளைகிறது. வறட்சி அடிக்கடி தலைகாட்டும் இடம். இன்னொன்று, லிட்டர் கணக்கு சரி, புரதக் கணக்கில் வகுத்துப் பாருங்கள். 1 கிராம் புரதமுள்ள தண்ணீரையும் 8 கிராம் உள்ள பாலையும் லிட்டருக்கு லிட்டர் ஒப்பிடுவது எந்த நியாயம்?

சோயாப்பிரியை:
பாதாமை நான் ஆதரிக்கவே இல்லை, இந்தத் திரி முழுவதும் தேடிப் பாருங்கள். புரதத்தால் வகுத்தாலும் சோயா முன்னால்தான் நிற்கும்.

பால்கணக்கு:
சோயாவுக்கு அது சரி. பாதாமுக்கும் அரிசிக்கும் என் வாதம் அப்படியே நிற்கிறது. ஆனால் இங்கே யாரும் வாய் திறக்காத விஷயம் குழந்தைகள். ஒரு வயதுக்குள் இந்தப் பெட்டிப் பால்களைத் தாய்ப்பாலுக்கோ குழந்தைகளுக்கான பவுடர் பாலுக்கோ பதிலாகக் கொடுக்கக் கூடாது. ஐந்து வயது வரை அரிசிப் பாலே வேண்டாம் என்று பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை சொல்கிறது, அரிசியில் உள்ள ஆர்செனிக் என்ற நச்சு காரணமாக. வைட்டமின் பி12, அயோடின் இரண்டும் பசும்பாலில் கிடைக்கும். தாவரப் பாலில் சேர்த்தால்தான் உண்டு. வீட்டில் அரைத்ததில் சுத்தமாக இல்லை. நுரைதேடிக்கு அது காபிக்கான பால். அதைப் பார்த்துக் குழந்தைக்கும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சோயாப்பிரியை:
இதில் உங்களோடு சண்டை இல்லை. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பெட்டியைக் குலுக்காமல் ஊற்றினால் சேர்த்த கால்சியமும் வராது, அடியில் படிந்துவிடும். கடைசிக் கோப்பை சுண்ணாம்பு மாதிரி நறநறக்கிறதென்றால் அதுவரை வெறும் தண்ணீரைக் குடித்திருக்கிறோம் என்று அர்த்தம்.

கள்ளிச்செடி:
டீயைப் பற்றி யாரும் பேசவில்லையே? எனக்கு ஓட்ஸ் பால் டீயில் துவர்க்கிறது.

சோயாப்பிரியை:
பசும்பாலில் உள்ள கேசின் புரதம் டீயின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். ஓட்ஸில் பிடிக்கிற அளவுக்குப் புரதம் இல்லை. இலையைக் குறைவான நேரம் ஊறவிடுங்கள், அல்லது சோயாவுக்கு வாருங்கள்.

நுரைதேடி:
நான்கு நாள் கழித்து வருகிறேன். முதலில் சோயா: காபியை மூன்று நிமிடம் ஆறவிட்டு, கோப்பையில் சூடான பால், மேலே காபி மெல்லிய தாரையாக. திரியவில்லை! அடுத்த நாள் அவசரத்தில் ஆறவிடாமல் ஊற்றினேன். ஓரத்தில் மணல் மாதிரி சிறு துணுக்குகள். ஆகக் குற்றவாளி நான்தான். அவசரக் காலைகளுக்குப் பாரிஸ்டா ஓட்ஸ் ஒரு பெட்டி வாங்கி வைத்துவிட்டேன். இனிப்புக்கு நாக்கு பழகிக்கொண்டிருக்கிறது.

தயிர் இரண்டாவது முயற்சியில் உறைந்தது. முதல் முறை அரை மணிக்கு ஒருதரம் திறந்து அசைத்துப் பார்த்ததில் மோராகிவிட்டது.

பால்கணக்கு சார், நீங்கள் சொன்ன லாக்டோஸ் நீக்கிய பாலையும் வாங்கிப் பார்த்தேன். வயிறு சத்தம் போடவில்லை. இப்போது வீட்டில் திறந்த பெட்டி மூன்றல்ல, ஐந்து. அந்தப் பாதாம் பாலை என்ன செய்வது?

பால்கணக்கு:
செடிக்கு ஊற்றுங்கள். 371 லிட்டரில் கொஞ்சமாவது திரும்பப் போகட்டும்.

அடுப்படி:
கொட்டாதீர்கள் தம்பி. வாழைப்பழமும் இரண்டு பேரீச்சையும் போட்டு அடித்துக் குடியுங்கள். திறந்து எத்தனை நாள் ஆயிற்று என்று மட்டும் முதலில் சொல்லுங்கள்.