குரூப்: வடசேரி வீடு

*பெங்களூர் தம்பி:* போர்வெல் வேலை முடிஞ்சாச்சுல்லா? அப்போ வீட்டுக்கு மாநகராட்சி குழாய் இணைப்பு என்னத்துக்கு? கட்டணம் வீண். துண்டிக்கதுக்கு எழுதி கொடுத்திருவோம்.

*சித்தி:* பின்ன வேணும்னா அலையணும் மக்கா.

*பெங்களூர் தம்பி:* எதுக்கு வேணும் சித்தி? குழாயில வாறதும் பேச்சிப்பாறை அணை தண்ணிதானே.

*பாட்டா:* லேய், யாரு சொன்னா? பேச்சிப்பாறை வயலுக்காக கட்டினது. திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலம், வெள்ளைக்கார இஞ்சினியர் மிஞ்சின் துரை நின்னு கட்டி 1906-ல முடிச்சாவ. நம்ம நாகர்கோவில் டவுணுக்கு குடிதண்ணி முக்கடல் அணையில இருந்தாக்கும்.

*பாட்டா:* அது 1945. சித்திரை திருநாள் மகாராஜா காலம். குடிக்கதுக்குன்னே கட்டினது. அங்கேருந்து பெரிய குழாயில கிருஷ்ணன்கோவில் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும். சுத்தம் பண்ணி, டேங்குல ஏத்தி, பொறவுதான் தெருவுக்கு விடுவாவ.

*அக்கா:* பாட்டா, அதுவும் அரசாங்கத்துக்க அணைதானே?

*பாட்டா:* இல்ல மக்களே. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி எல்லாம் பொதுப்பணித்துறை பாக்கது. முக்கடல் நம்ம டவுணுக்க சொந்த அணை. அப்போ நகராட்சி, இப்போ மாநகராட்சி. 1956 நவம்பர் 1-ல நம்ம கன்னியாகுமரி ஜில்லா திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு மெட்ராஸ் ஸ்டேட்டுல சேந்துது. நாங்க தெருவுல எல்லாம் சந்தோஷமா சுத்தி வந்தோம். வீட்டுக்கு வந்து குழாயத் திறந்தா அதே முக்கடல் தண்ணி.

*அக்கா:* பேப்பர்ல ‘முக்கடல் மைனஸ்’னு போடுவாவல்லா? சின்னதுல ரொம்ப பயந்திருக்கேன். தண்ணி எப்படி பூஜ்ஜியத்துக்கு கீழ போகும்னு.

*பாட்டா:* அளவு கம்புல பூஜ்ஜியத்துக்கு கீழயும் பள்ளத்துல தண்ணி கிடக்கும். மொத்தமே 25 அடிதான் அணை. கோடை முத்தினா அந்த பள்ளத்து தண்ணியத்தான் இழுக்கணும். அதுவும் வத்தினா அனந்தனாறு பாசன கால்வாய் தண்ணியப் போய் கேக்கணும். அது வயலுக்கு உள்ள பங்கு. நெல்லு வாடுக நேரத்துல எடுத்தா விவசாயிக்கு வயிறு எரியும், அதுல நியாயம் உண்டு.

*பெங்களூர் தம்பி:* அதுக்குத்தானா புத்தன் அணையில இருந்து டவுணுக்கு குடிதண்ணி கொண்டு வாற திட்டம்?

*பாட்டா:* ஆமா, 251 கோடி. 2019-ல மாநகராட்சி ஆயாச்சு, ஊரு எவ்வளவு பரந்து போச்சு. அணை அதே 25 அடி. எப்படி காணும்?

*பாட்டா:* இனி இணைப்புக்க காரியம். கையில காசு உள்ளவன் எல்லாம் போர் போட்டு குழாய வெட்டிட்டான்னு வை, கட்டணம் எங்கேருந்து வரும்? மோட்டார் ஓட்டணும், குழாய் மாத்தணும், ஆளுக்கு சம்பளம் கொடுக்கணும். குழாய் உடைஞ்சா சத்தம் போட்டு கேக்க நாலு வீடு வேணும்லா. பக்கத்து வீட்டு ஆச்சிக்கு போர் கிடையாது. அவளுக்காக நீ கேக்கணும்னா உனக்கும் அந்த குழாய் இருக்கணும்.

*சித்தி:* நான் ஒண்ணு சொல்லட்டா. போர் தண்ணியில நேத்து பருப்பு எட்டு விசில் வச்சும் வேகல்ல. முக்கடல் தண்ணியில மூணு விசில் போதும்.

*அக்கா:* தலையும் பிசுக்குன்னு இருக்கு. சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது.

*பெங்களூர் தம்பி:* சரி பாட்டா, எழுதி கொடுக்கல்ல. பாக்கி எவ்வளவு சித்தி? இப்பவே பணம் அனுப்புகேன்.

*சித்தி:* அரை வருசம் நிக்கி. திங்கக்கிழமை போய் கட்டுகேன்.

*பாட்டா:* எனக்க வீட்டு ரசீதையும் கொண்டு போ மக்களே. மேசை டிராயர்ல, கண்ணாடி கூடுக்கு அடியில இருக்கு.