அப்பாவுக்கு எம்.எஸ்.வி., சித்தப்பாவுக்கு ராஜா, தம்பிக்கு யோகி பி

மரம்வெட்டியின் மகன்:

இசையில் அதிகம் புதுமை செய்தவர் யார், மலேசியத் தமிழர்களான நம்மை அதிகம் மாற்றியவர் யார் என்று கேட்டதும், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் நடந்த வாக்குவாதங்கள்தான் நினைவுக்கு வந்தன.

அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போய்விடுவார். மாலையில் குளித்துவிட்டு வானொலிப் பெட்டி அருகே உட்கார்ந்தால் விஸ்வநாதன், ராமமூர்த்திதான். 1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ பாடல்களை வைத்தே வாதாடுவார். “மேல்நாட்டு வாத்தியம் எதையும் கண்ணால் பார்க்காத தோட்டத்து ஆள் நான். அந்தத் தாளத்துக்கு என் கால் ஆடியதே, அது எப்படி?” என்பார்.

சித்தப்பா விடமாட்டார். 1976இல் இளையராஜாவின் ‘அன்னக்கிளி’ வந்தபோது, எஸ். ஜானகியின் குரலில் ‘மச்சானைப் பார்த்தீங்களா’ கேட்டவர் அவர். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கிழவிகள் பாடிய மெட்டு கப்பலேறிப் போய், புதுச் சேலை உடுத்தித் திரும்பி வந்ததுபோல் இருந்ததாம்.

புதுமை என்றால் நானும் ராஜா பக்கம்தான். மேலே நாட்டுப்புற மெட்டு போய்க்கொண்டிருக்கும். கீழே பேஸ் கிட்டார் தனியாக இன்னொரு மெட்டைப் பாடும். நடுவில் வயலின்கள் வேறொன்றைச் சொல்லும். ஒன்றை ஒன்று மிதிக்காது. உள்ளூர்க் குழு ஒன்றில் பேஸ் வாசித்த காலத்தில், அவருடைய ஒரே ஒரு சரணத்தைக் காதால் பிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அதை அவர் முழுக்கக் கைப்பட எழுதித்தான் வாத்தியக்காரர்களுக்குக் கொடுப்பார் என்று பிறகு தெரிந்தபோது, அன்று இரவு தூக்கம் வரவில்லை.

2006இல் தம்பி ‘வல்லவன்’ இசைத்தட்டை வாங்கிவந்தான். பாடியவர்கள் நம் நாட்டு ராப் பாடகர் யோகி பியும் அவருடைய நட்சத்ரா குழுவும். ‘நிழல்கள்’ படத்தின் ‘மடை திறந்து’ பாட்டை எடுத்து ராப்போடு சேர்த்திருந்தார்கள். “ராஜா பாட்டைக் கெடுத்துவிட்டார்கள்!” என்று சித்தப்பா கொதித்தார். அப்பா கையை உயர்த்தி, “மறுபடி போடு” என்றார். மூன்று முறை கேட்டார். “பாதி புரியவில்லை. ஆனால் இது நம் நாட்டுப் பையன் குரல்.”

அடுத்த ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில் எம்.எஸ்.வி.யின் ‘எங்கேயும் எப்போதும்’ புது வடிவில் வந்தது. அதிலும் யோகி பி. அதுவரை பெரும்பாலும் பாட்டு சென்னையிலிருந்து வரும், நாம் கேட்போம். அன்று இங்கிருந்து ஒரு குரல் அங்கே போனது. அவரைப் பார்த்துத்தான் தம்பியும் கூட்டாளிகளும் நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதத் தொடங்கினார்கள். தாக்கம் என்ற கேள்விக்கு என் ஓட்டு யோகி பிக்கே.

உருமிக்காரன்:

பெயர் பெற்றவர்களையே பேசுகிறீர்கள். எனக்கு உருமி மேளம் சொல்லிக்கொடுத்தவரின் பெயர் எந்த இசைத்தட்டிலும் இல்லை. உருமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க வேண்டும், மறுமுகத்தைக் குச்சியால் அடிக்க வேண்டும். அந்த உறுமல் தேய்ப்பில்தான் பிறக்கிறது. ஆறு மாதம் என்னைத் தேய்க்க மட்டுமே விட்டார். அடிக்கக் குச்சி கேட்டால், “முதலில் அதை அழவை” என்பார்.

தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறி, லயங்களை இடித்தபோது எல்லோரும் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குச் சிதறினோம். அவர் தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, உருமியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இன்று தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் வாசிக்கும் எங்கள் ஊர்ப் பையன்களில் பலர் அவர் கையில் படித்தவர்கள். சிலர் படித்தவர்களிடம் படித்தவர்கள். அவர் போட்ட ஒரு தீர்மானத்தை, அதாவது தாளத்தை முடித்துவைக்கும் அடியை, யார் போட்டது என்று தெரியாமலே பத்து வயதுப் பையன் வாசிக்கிறான். யோகி பியை நானும் மதிக்கிறேன். ஆனாலும் என் ஓட்டு என் ஆசானுக்கு.

பள்ளி ஆசிரியை:

அலிகேட்ஸ் இசைக்குழுவை ஒருவரும் சொல்லவில்லையே! பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் மலாய்ப் பாட்டால் நாட்டையே கட்டிப்போட்டவர்கள். ஆசிரியர் விருந்து ஒன்றில் என் மலாய்த் தோழி ‘ஹிங்கா அக்கிர் நந்தி’ பாடினார். சின்ன வயதில் அம்மா பாடித் தூங்கவைத்த பாட்டாம். பாடியவர்கள் தமிழர்கள் என்றேன். நம்பவில்லை. கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். உடனே வெளியே போய், அம்மாவை அழைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.