க்ளென் கூல்டின் பாணி: பழகி வந்ததா, கூடவே பிறந்ததா?

கட்டைவிரல்:
கனடா பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் வாசித்த, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையைக் கொஞ்ச நேரம் கேட்டாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, சுத்தமாக விழும். இதைப் பிறவி ஞானம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. டொராண்டோவில் அவருடைய ஆசிரியர் அல்பெர்ட்டோ கெரேரோ, சிலி நாட்டுக்காரர், விரல் தட்டும் பயிற்சி ஒன்று கொடுப்பார். ஒரு கையைப் பியானோ கட்டைகள் மேல் தளர்வாக வைத்துக்கொண்டு, மறு கையால் ஒவ்வொரு விரல் நுனியையும் தட்ட வேண்டும். விரல் கீழே போய்த் தானாகவே மேலே வரும். ஒரு சுரத்துக்கு எவ்வளவு குறைந்த அசைவு போதும் என்பது அப்படித்தான் விரலுக்குப் பிடிபடும். கூல்டின் தெளிவு அங்கிருந்து வந்தது.

நீலாம்பரி:
கெரேரோவிடம் கூல்ட் மட்டுமா படித்தார்? ஜான் பெக்வித், மர்ரி ஷேஃபர், வில்லியம் எய்ட் எல்லாரும் அவரிடம் படித்தவர்கள்தான். இன்னொரு கூல்ட் வரவில்லையே!

சுருதிப்பெட்டி:
நீங்கள் இருவருமே ஆர்கனை, குழாய்களில் காற்று போய் ஒலிக்கும் அந்தக் கட்டை வாத்தியத்தை, விட்டுவிட்டீர்கள். கூல்ட் சிறுவயதிலேயே ஆர்கனும் கற்றவர். அதில் கட்டையை எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் ஒலி அதிகமாகாது. எப்போது தொடுகிறோம், எப்போது விடுகிறோம் என்பது மட்டும்தான் நம் கையில். அதில் பழகியவர் பியானோவிலும் சுரத்தின் நீளத்தை வைத்தே பேசுவார். ஆசிரியர் ஒருவரே என்றாலும் எல்லாருடைய பழக்கமும் ஒன்றாகிவிடாது, நீலாம்பரி.

நீலாம்பரி:
சரி, தொடுகை பயிற்சியில் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். 1955லும் 1981லும் அவர் பதிவு செய்த கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை எடுங்கள்; அரியா என்ற மெட்டில் தொடங்கி, அதன் மாறுபாடுகளாக (வேரியேஷன்களாக) விரியும் பாக்கின் படைப்பு அது. முதலாவது சுமார் 38 நிமிடம், இரண்டாவது 51. இரண்டாவதில் சில பகுதிகளைத் திருப்பி வாசிக்கிறார், அதனால் மொத்த நேரத்தை விடுங்கள். தொடக்க அரியாவை மட்டும் பாருங்கள்: முன்பு 2 நிமிடத்துக்குள் முடிந்தது, பின்பு 3 நிமிடம் ஆகிறது. 1981ல் வேரியேஷன்களை ஒரே அடிப்படைத் துடிப்பில் கோத்திருக்கிறார். இந்த முடிவை எந்த விரல் பயிற்சி கொடுக்கும்? பாணி என்று நான் சொல்வது இதைத்தான்.

கட்டைவிரல்:
அந்த அரியாவையே எடுத்துக்கொள்வோம். பியானோவில் அடித்த சுரம் உடனே அடங்கத் தொடங்கிவிடும். அவ்வளவு மெதுவாக வாசித்தும் வரி அறுபடாமல் இருக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு சுரத்தின் பலமும் நீளமும் கணக்காக விழ வேண்டும். விரல் அந்த அளவுக்குப் பழகாத ஒருவருக்கு அந்த வேகத்தில் வாசிக்கும் எண்ணமே வராது.