'டாக்' படத்துக்கு சப்டைட்டில் யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, 1971-இல் பிராங்க் பெர்ரி இயக்கிய 'டாக்' படத்தின் டிவிடி ஒன்று கைக்கு வந்தது. அமெரிக்க மேற்கின் பழைய சூதாடியும் துப்பாக்கி வீரனுமான டாக் ஹாலிடேயாக ஸ்டேசி கீச். மற்ற படங்களில் வழக்கமாக உத்தமனாகவே வரும் அவருடைய நண்பர், சட்டக் காவலர் வயாட் எர்ப், இதில் ஷெரீப் (கவுண்டியின் காவல் தலைவர்) பதவிக்காகக் கணக்குப் போடும் ஆள். ரொம்பப் பிடித்துவிட்டது! ஆனால் சப்டைட்டில் இல்லாததால் பாதி வசனம் புரியவில்லை. ஆங்கில சப்டைட்டில் கோப்பு வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று. 1881 அக்டோபர் 26-இல் அரிசோனாவின் டூம்ஸ்டோனில் இவர்கள் இருவரும் கலந்துகொண்ட, படத்திலும் வரும் 'ஓ.கே. கொரால்' துப்பாக்கிச் சண்டை நிஜத்தில் சுமார் 30 விநாடிதான். செத்தது மூன்று பேர். பிறகு நீதிபதி ஸ்பைசர் முன் நடந்த விசாரணையில் சாட்சிகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்தச் சாட்சியங்களை முழுதாகப் படிக்க எந்தப் புத்தகம் நல்லது?