சமன்பாடு இருந்தது, ரிலே இல்லை

பட்டறைக்காரர் (அம்பத்தூர்):

மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை எங்களுடையது. பேரிங் தேய்வதை அதிர்விலிருந்தே முன்கூட்டிக் கண்டறிய ஒரு கணக்கு முறையை உருவாக்கிக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தேன். கண்டுபிடிப்பை விவரித்துத் தாக்கல் செய்யும் விவரக்குறிப்பை நானே எழுதினேன். கணிதப் பட்டதாரி என்ற மிதப்பு. 14 பக்கமும் அணிகள், சமன்பாடுகள். சென்சார் என்ற சொல் ஒரே ஒரு முறை, அதுவும் படத்தின் அடியில்.

காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதனை அறிக்கை வந்தது: காப்புரிமைச் சட்டம், பிரிவு 3(கே). கணித முறை, வணிக முறை, தன்னளவிலான (அதாவது வெறும்) கணினி நிரல், அல்காரிதம் ஆகியவை கண்டுபிடிப்பு ஆகா. "கணினியில்தானே ஓடுகிறது சார், வெறும் கணிதம் இல்லையே" என்று என் காப்புரிமை முகவரிடம் வாதாடினேன். அவர் சட்ட வாசகத்தில் விரலை வைத்தார். 'தன்னளவில்' என்ற சலுகை நிரலோடுதான் ஒட்டியிருக்கிறது, கணித முறையோடு இல்லை.

பிறகு அமெரிக்க வழக்குகள் இரண்டைச் சொன்னார். 1972இல் பென்சன்: எண்களை இருமமாக மாற்றும் முறை, காப்புரிமை இல்லை. 1981இல் டீர்: வெப்பநிலையையும் வினை வேகத்தையும் இணைக்கும் அர்ரீனியஸ் சமன்பாட்டால் ரப்பர் பதமாகும் நேரத்தைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு, ரப்பரை வார்க்கும் அச்சைத் திறப்பது, அது தகுதி பெற்றது. இங்கே அவை கட்டுப்படுத்தாது என்றாலும் எனக்கு உறைத்தது. அங்கே கணக்கு முடிந்ததும் அச்சு திறந்தது. என் கணக்கு முடிந்ததும் இன்னொரு எண் வந்தது.

"மோட்டாரை நிறுத்தும் ரிலே சுவிட்சையும் சேர்த்துவிடுவோமே?" முடியாதாம். முதலில் தாக்கல் செய்ததில் இல்லாததைத் திருத்தமாக நுழைக்கப் பிரிவு 59 இடம் தராது. ரிலே பட்டறையில் முதல் நாளிலிருந்தே இருந்தது. தாளில்தான் இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீட்டுக்கு 3 மாத அவகாசம் இருந்தது. எதை வைத்து வாதாடுவது?

நிரலாளர் (தரமணி):

ஐயா, நான் தப்பியது முதலில் தாக்கல் செய்த தற்காலிக விவரக்குறிப்பால். முழு விவரக்குறிப்பைத் தர 12 மாதம் கிடைத்தது. ஸ்கேன் படத்தில் இரைச்சலை நீக்கும் முறை என்னுடையது. அந்த இடைவெளியில் ஒரே கருவியில் பழைய முறையையும் புதிய முறையையும் ஓட்டி, நினைவகமும் நேரமும் எவ்வளவு மிச்சம் என்று அளந்து எழுதினேன். 3(கே) ஆட்சேபம் எனக்கும் வந்தது. அளவுகளோடு, தொழில்நுட்ப விளைவைப் பார்க்கச் சொன்ன 2019 டெல்லி உயர் நீதிமன்றத்தின் ஃபெரித் அலானி தீர்ப்பையும் வைத்துப் பதில் கொடுத்தோம். காப்புரிமை கிடைத்தது, ஆனால் நாங்கள் உரிமை கோரிய எல்லை அந்த ஒருவகை ஸ்கேன் கருவிக்குள் சுருங்கிவிட்டது. அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

பட்டறைக்காரர்:

சுருங்கினாலும் கையில் இருக்கிறதே அம்மா. அடுத்தது பம்புக்கு எழுதுகிறேன். முதல் பக்கத்திலேயே ரிலே.