நேற்று நன்றாக இருந்தவள் இன்று ஏன் வரவில்லை என்று கேட்கும் உறவினர்களுக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி: காரைக்குடி மருமகள்

எனக்கு 46 வயது. ஆறு ஆண்டுகளாக முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் இருக்கிறது. வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் எடுத்துக்கொள்கிறேன். வலி ஓரளவு அடங்கிவிட்டது, அசதி அடங்கவில்லை. காலையில் முகப்புக் கதவின் பெரிய சாவியைத் திருப்ப இரண்டு கைகளும் சேர்ந்தாலும் போதவில்லை. விரல்கள் இளகுவதற்கே ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகிறது.

சென்ற மாதம் பங்காளிகள் கூடி முன்னோரை வழிபடும் படைப்புக்குப் போயிருந்தேன். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, எல்லோரிடமும் சிரித்துப் பேசி, வெள்ளைப் பணியாரம் ஊற்றும் அடுப்பருகே முக்கால் மணி நேரம் நின்றேன். அதை ஒவ்வொன்றாகத்தான் ஊற்றி எடுக்க வேண்டும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அடுத்த இரண்டு நாள்களும் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. மூன்றாம் நாள் நாத்தனார் வீட்டு அறுபதாம் கல்யாணத்திற்கு நான் போகாததால், "படைப்பில் நன்றாகத்தானே இருந்தாள், நம் வீடென்றால் மட்டும் முடியவில்லையா?" என்று பேச்சு எழுந்தது. மாமியார் அன்பானவர்தான், அவரும் "அசதி யாருக்குத்தான் இல்லை, நன்றாகத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்கிறார். தூங்கி எழுந்தாலும் தீராத அசதி ஒன்று உண்டு என்பதை இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தேவகோட்டை வாசகி

ஆச்சி அவர்களுக்கு வணக்கம். எனக்குப் பதினான்கு ஆண்டுகளாக லூப்பஸ், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய். அதே நோயுள்ள கிறிஸ்டின் மிசெரண்டினோ என்ற அமெரிக்கப் பெண், தன் தோழியின் கையில் 12 கரண்டிகளைக் கொடுத்து, எழுவதற்கு ஒன்று, குளிப்பதற்கு ஒன்று என்று ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கித் தன் ஒரு நாளை விளக்கியதை 2003-இல் எழுதினார். உலகெங்கும் நோயாளிகள் இன்றும் அதைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். நானும் என் அப்பச்சியிடம் சொல்லிப் பார்த்தேன். அவருக்குக் கரண்டி பிடிபடவில்லை.

அவர் நாற்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவர். ஆகவே ஒருநாள் பேரேட்டு மொழியில் சொன்னேன்: "காலையில் என் வரவு இவ்வளவுதான், அப்பச்சி. தலைக்குக் குளித்துத் துவட்டுவதும் செலவு, வெயிலில் கடைத்தெருவுக்குப் போய் வருவதும் செலவு, வந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவதும் செலவுதான். வரவுக்கு மேல் செலவழித்தால் நாளைய கணக்கிலிருந்து கடன் வாங்குகிறேன். அதற்கு வட்டியும் கட்ட வேண்டும்." வட்டி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து காலையில் காப்பியோடு வந்து, "இன்றைக்குக் கையிருப்பு எப்படி?" என்றுதான் கேட்கிறார். உங்கள் படைப்பு நாளையும் இப்படிக் கடனாகச் சொல்லிப் பாருங்கள்.

பதில்: பள்ளத்தூர்க்காரர்

நான் நம்பாத பக்கத்தில் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். என் மனைவிக்கு நாள்பட்ட சோர்வு நோய். அவர் வெளியே கிளம்பும் நாள்களில் வீட்டிலிருந்த நான், அடுத்த நாள்களில் கடைக்குப் போய்விடுவேன். இருட்டறையில் அவர் படுத்திருந்ததை ஓராண்டு வரை சரியாகப் பார்த்ததே இல்லை. அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். உறவினர்கள் உங்களைப் பட்டுப் புடவையில் மட்டுமே பார்க்கிறார்கள். மறுநாள் யாராவது தொலைபேசியில் அழைத்தால் "ஒன்றுமில்லை" என்று மறைக்காதீர்கள். சீப்பைக் கூடப் பிடிக்க முடியவில்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. "நட, உடற்பயிற்சி செய்" என்பார்கள். முடக்குவாதத்தில் மருத்துவர் சொல்லும் அளவான பயிற்சி அசதியைக் குறைக்க உதவும். என் மனைவியின் நோயிலோ, அளவு மீறினால் பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து உடல் முழுவதும் சரிந்துவிடும். படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை இந்த நோய்க்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் நிறுவனமே 2021-இல் தன் வழிகாட்டுதலை மாற்றியது. ஆகவே ஒருவருக்குச் சொன்னதை மற்றவர் மீது சுமத்த வேண்டாம்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், கண்டனூர்

மாமியாரிடம் இப்படிச் சொல்லலாம்: காய்ச்சல் வந்தால் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறதல்லவா, கிருமியோடு உடல் போராடும்போது சுரக்கும் பொருள்கள்தாம் அதற்குக் காரணம். முடக்குவாதத்தில் கிருமி இல்லாமலேயே உடல் தன் மூட்டுகளோடு போராடுகிறது. அதே பொருள்கள் சுரக்கின்றன. இரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் சரியாக வந்த பிறகும் அசதி நீடிப்பது உண்டு. ஆனாலும் இரத்தசோகையும் தைராய்டும் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், அவை தீர்க்கக்கூடியவை. விசேஷங்களுக்கு, வர முடியவில்லை என்று பிறகு சொல்வதைவிட, "ஒரு மணி நேரம் இருப்பேன், உட்கார நாற்காலி வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்வது மனவருத்தத்தைக் குறைக்கும்.

கேட்டவர் மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை வளவில் உட்கார்ந்து மாமியாரிடம் காய்ச்சலையும் வட்டியையும் சேர்த்தே சொன்னேன். நெடுநேரம் என் விரல்களைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், "பிள்ளையார் நோன்புக்கு மாவு வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வந்து இழை எடுத்துக்கொண்டால் போதும்" என்றார். நாத்தனாரிடம் இன்னும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை கையிருப்பு இருந்தால் அழைப்பேன்.